மேடையில் வாய் தவறினால் என்ன செய்வது? வட சென்னையின் இளம் தொகுப்பாளர்களுக்கு

ஆடி பிறந்துவிட்டால் வண்ணாரப்பேட்டை, காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று தெருவுக்குத் தெரு பந்தலும் மைக்செட்டும் வந்துவிடும். கூழ் ஊற்றி முடித்ததும் ஆவணி முகூர்த்தங்கள், ரிசப்ஷன்கள், மஞ்சள் நீராட்டு விழாக்கள், பிறகு பள்ளி ஆண்டு விழாக்கள். இந்த மேடைகளில் மைக் பிடிக்கும் பிள்ளைகளில் பலர் இதையே தொழிலாக்கிக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். நல்ல குரலும் சமயோசிதமும் இருந்தும் சிலர் இரண்டு மூன்று மேடையோடு ஒதுங்கிவிடுகிறார்கள். ஏதோ ஒரு தவறு நடந்திருக்கும். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அந்தக் கூச்சம் உள்ளே தங்கி, அடுத்த மேடைக்குக் கூப்பிட்டாலும் போகவிடாது.

தவறே வராமல் தொகுத்து வழங்க யாராலும் முடியாது. தவறு நடந்ததும் வருகிற பத்து விநாடியை எப்படிக் கடப்பது என்பதைப் பழகிக்கொள்ள முடியும். பாட்டு, நடனம் எல்லாவற்றுக்கும் ஒத்திகை பார்க்கிறோம், இந்தப் பத்து விநாடிக்கு மட்டும் பார்ப்பதில்லை.

நாம் நினைக்கிற அளவுக்குக் கூட்டம் நம்மைக் கவனிப்பதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாணவர்களுக்குக் கூச்சம் தரக்கூடிய படம் போட்ட டி-சர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறத்தாழ பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் எண்ணினார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழ கால்வாசிப் பேர்தான். 2003-இல் அந்த உடன் ஆய்வாளர்களில் ஒருவரான சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், 'உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரியாது' என்று முன்கூட்டியே விளக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கை நடுங்குவது உங்களுக்குத் தெரிகிற அளவு மூன்றாவது வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது.

நடுக்கம் போக மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் ஒன்றும் இருக்கிறது. இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ப்ரோப்ரனோலால் வகை மாத்திரை நாடித்துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கி ஆபத்தில் கொண்டுபோய் விடும். நண்பர் கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். மது அதைவிட மோசம். பயத்தைக் குறைப்பதுபோல் காட்டிக்கொண்டே நாக்கைத் தடுமாற வைக்கும். மேடை ஏறுமுன் மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட இரு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடுங்கள். நாலைந்து முறை செய்தாலே படபடப்பு தணியும்.

எல்லாத் தவறும் ஒரே எடை இல்லை. 'மணமகள்' என்பதற்குப் பதில் 'மணமகன்' என்று வாய் தவறினால், சரியான சொல்லை அழுத்திச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். சாரி வேண்டாம். கவனிக்காமல் இருந்தவரைக்கூட 'என்ன தப்பா சொன்னாங்க?' என்று பக்கத்து நாற்காலியில் கேட்க வைப்பது அந்த சாரிதான்.

பெயரில் வரும் தவறு அப்படி இல்லை. அதில் ஒரு குடும்பத்தின் மரியாதை இருக்கிறது. நம் பகுதியில் ஒரே மண்டபத்தில் தமிழ்ப் பெயர், தெலுங்குப் பெயர், இஸ்லாமியப் பெயர், பெரம்பூர் பக்கம் ஆங்கிலோ இந்தியப் பெயர் எல்லாம் வரும். பட்டியலை முதல் நாளே வாங்குங்கள். தெரியாத பெயர்களை வீட்டாரையே உச்சரித்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். கேட்டதைக் காதில் விழுகிறபடியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரிகையைப் பார்த்து நேரடியாக வாசிப்பது பெரிய ஆபத்து. பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'லேட்' என்று இருப்பதைக் கண் தாண்டிவிடும். காலமாகிவிட்ட தாத்தாவை 'மணமக்களை ஆசீர்வதிக்க மேடைக்கு அழைக்கிறோம்' என்று அறிவித்துவிட்டால், அந்தப் பாட்டியின் முகத்தை அப்புறம் நிமிர்ந்து பார்க்க முடியாது. காலமானவர்கள் பெயரைச் சிவப்பு மையில் கோடிட்டு வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

யாரை முதலில் அழைப்பது என்பதையும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் மட்டும் கேட்டு உறுதி செய்யுங்கள். டெக்கரேஷன்காரரோ மண்டப மேனேஜரோ சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் நீராட்டில் தாய்மாமன் சீர் வந்து நிற்கும்போது வேறொருவர் பெயரை முந்திச் சொல்லிவிட்டால், சீர் தட்டோடு அவர்கள் திரும்பிவிடும் அளவுக்குப் போகும். அப்படித் தவறிவிட்டால் உடனே சரியான பெயரை உறவுமுறையோடு சொல்லுங்கள்: 'பொண்ணோட தாய்மாமன் திரு. இன்னார் குடும்பத்தார் சீரோடு வந்திருக்காங்க, அவங்களை வணங்கி வரவேற்கிறோம்.' பட்டியல் சரியில்லை, யாரோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்ற விளக்கம் எதுவும் மைக்கில் வேண்டாம். நிகழ்ச்சியின் இடைவெளியில் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே போய், 'அண்ணே, என் மேலதான் தப்பு, மன்னிச்சுக்கோங்க' என்று நேரில் கேளுங்கள். மைக்கில் கேட்கும் பத்து மன்னிப்பைவிட அது பெரிது.

நகைச்சுவை யாரையாவது புண்படுத்தினால் சமாளிக்கவே முயல வேண்டாம். 'தமாஷுக்குச் சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க' என்றால் பழி கேட்டவர் மேல் விழுகிறது. 'நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிக்கணும்' என்று ஒரு முறை, நேராக. நிறம், உடம்பு, குழந்தை இல்லாதது, இன்னும் கல்யாணம் ஆகாதது ஆகிய நான்கையும் மேடையில் தொடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இனி, பலர் தம் திறமைக் குறைவு என்று நினைத்து மனம் உடைந்துபோகும் ஒரு விஷயம். தெருவில் பந்தல் போட்டு, மேடையிலிருந்து கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 70 மீட்டர் தள்ளி, மேடையைப் பார்த்துத் திருப்பியிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து உங்கள் குரல் உங்களுக்கே திரும்பி வர விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. தன் குரல் இந்த அளவு தாமதமாகக் காதில் விழுந்தால் எவ்வளவு சரளமாகப் பேசுபவரும் திக்குவார், சொற்களை இழுப்பார். 1950-களிலிருந்தே ஆய்வாளர்கள் பதிவுசெய்து வரும் விஷயம் இது. உள்ளரங்கில் பிரமாதமாகப் பேசிய பிள்ளை தெரு மேடையில் தடுமாறினால், முதலில் ஸ்பீக்கர் திசையைப் பாருங்கள்.

தூரத்து ஸ்பீக்கரை மேடைக்கு முதுகு காட்டும்படி திருப்பச் சொல்லுங்கள். உங்கள் காலடியில் ஒரு சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் கேளுங்கள். பக்கத்தில் கேட்கும் குரல் பலமாக இருந்தால் தூரத்து எதிரொலி அமுங்கிவிடும். அதுவும் கிடைக்காவிட்டால் ஐந்தாறு சொற்களில் வாக்கியத்தை முடித்து, எதிரொலி அடங்கும் வரை நிறுத்தி, அடுத்ததைத் தொடங்குங்கள். கேட்பவருக்கு அது கம்பீரமாகவே இருக்கும்.

மைக் கூவுவதும் பெரும்பாலும் பிடிக்கிற கையால்தான். வலைத் தலையை உள்ளங்கையால் மூடினால், முன்பக்க ஒலியை மட்டும் வாங்க வேண்டிய மைக் எல்லாப் பக்கமும் வாங்க ஆரம்பிக்கும். ஸ்பீக்கர் சத்தம் மறுபடி உள்ளே போய்ச் சுற்றும். மைக்கின் தண்டுப் பகுதியைப் பிடியுங்கள். உதட்டிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி, சற்றுக் கீழிருந்து வாயை நோக்கிச் சாய்த்து வையுங்கள். கூட்டத்துக்குள் இறங்கும்போது ஸ்பீக்கருக்கு முன்னால் நடக்காதீர்கள். கூவிவிட்டால் மைக்கைத் தட்டாமல், ஊதாமல், ஸ்பீக்கருக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஓரடி பின்னால் வாருங்கள். மைக்செட் அண்ணனை மைக்கிலேயே 'என்ன அண்ணே தூங்கறீங்களா' என்று கேட்பது அறவே கூடாது. அன்று இரவு முழுதும் உங்கள் குரல் அவர் விரலில் இருக்கிறது. அடுத்த நிகழ்ச்சிக்கு உங்கள் பெயரைச் சொல்பவரும் பல நேரம் அவரே.

கார்ட்லெஸ் மைக்கில் புது பேட்டரியோடு தொடங்குங்கள், சிவப்பு விளக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கடற்கரை ஓரத்தில் உப்புக் காற்று ஜாக், பின் எல்லாவற்றையும் அரிக்கும். ஒயர் மைக் கரகரத்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். முன்கூட்டியே கழற்றித் துடைத்து மாட்டச் சொல்லுங்கள்.

உதட்டில் மைக் பட்டதும் சுர்ரென்று ஷாக் அடித்தால் அதைப் பொறுத்துக்கொண்டு பேசாதீர்கள். ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் சரியில்லை என்று பொருள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு உயிருக்கே ஆபத்து. அந்த மைக்கைக் கீழே வைத்துவிட்டு, எர்த்தைச் சரிபார்க்கும் வரை பேட்டரியில் ஓடும் கார்ட்லெஸ்ஸுக்கு மாறுங்கள்.

கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் கூட்டம் எழுந்துவிடும். மேடை விளிம்புக்கு வந்து, வெறுங்குரலில் முன்வரிசையிடம் 'ஜெனரேட்டர் போடறாங்க, அப்படியே உட்காருங்க' என்றால் செய்தி பின்னால் தானாகப் போகும். அதற்குள் ஆம்ப்ளிஃபயர் ஆஃபில் இருக்கிறதா என்று ஆபரேட்டரைப் பாருங்கள். எல்லாம் ஆனில் இருக்கும்போது கரண்ட் திரும்பினால் டமார் என்ற சத்தத்தில் ஸ்பீக்கர் போய்விடும். போடும்போது மிக்சர் (மைக், பாட்டு ஒலிகளைச் சேர்க்கும் பெட்டி) முதலில், ஆம்ப்ளிஃபயர் கடைசி. நிறுத்தும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில்.

போனிலிருந்து ட்ராக் போடுபவர்கள் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். முகூர்த்த மேடையில் யாரோ ஒருவரின் ரிங்டோன் ஸ்பீக்கரில் அலறுவது அப்படிப் போடாததால்தான். பாட்டுகளை இறக்கி வைத்து, வரிசை எண்ணோடு பெயரிடுங்கள். அதே பட்டியல் இன்னொரு போனிலும் இருக்கட்டும்.

பள்ளி, அரசு நிகழ்ச்சிகளில் தமிழ்த்தாய் வாழ்த்து தனிக் கவனம் கேட்கும். 2021 டிசம்பரில் அது தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. 55 விநாடியில் பாட வேண்டும், பாடும்போது எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு அதில் விலக்கு உண்டு. இசைத்தட்டைவிடப் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாடுவதையே அரசாணை விரும்புகிறது. பாடும் குழந்தை நடுவில் மறந்துவிட்டால், அடுத்த வரியைத் தயங்காமல் நீங்கள் எடுத்துக் கொடுங்கள், குழந்தை சேர்ந்துகொள்ளும். அதற்கு முழுப் பாடலும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

பேச்சு நடுவில் மறந்துபோனால் மேலே பார்த்துத் தேடாதீர்கள். கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை இன்னும் நிதானமாக மறுபடி சொல்லுங்கள், பெரும்பாலும் அடுத்தது வந்துவிடும். வராவிட்டால் கையிலிருக்கும் அட்டையைப் பாருங்கள். அட்டை பார்ப்பது குறையே அல்ல. கைக்கடக்கமான கெட்டி அட்டை, ஓர் அட்டைக்கு ஒரு நிகழ்ச்சி, மூலையில் எண், ஓட்டை போட்டு நூல் கட்டியிருக்க வேண்டும். மேடை மின்விசிறிக்கு மெல்லிய தாள் தாங்காது. முழு உரையையும் மனப்பாடம் செய்தவர்தான் ஒரு சொல் விட்டால் மொத்தத்தையும் விடுகிறார். முதல் நான்கு வரியும் முடிக்கும் இரண்டு வரியும் மனப்பாடமாக இருந்தால் போதும்.

வட சென்னைப் பேச்சை மறைக்கத் தெரியாததையே ஒரு தவறாகப் பல பிள்ளைகளுக்கு யாரோ நினைக்க வைத்திருக்கிறார்கள். டிவி ஆங்கர் தமிழை இரவல் வாங்கிப் பேசும்போதுதான் நாக்கு அதிகம் சறுக்குகிறது. மரியாதைச் சொற்களும் தெளிவான உச்சரிப்பும் கட்டாயம் வேண்டும். அதற்குமேல், உங்கள் தெருவில் பெரியவர்களிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள். கூடவே தெலுங்கிலும் உருதுவிலும் வரவேற்பு, வாழ்த்து, நன்றி என்று நாலைந்து வாக்கியம் சரியாகப் பழகினால், இந்தப் பகுதியில் அழைப்புகள் கூடும்.

முன்னேற விரும்புபவர்கள் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று. கடைசி வரிசையில் ஒரு போனை வைத்து நிகழ்ச்சியைப் பதிவு செய்யுங்கள். அன்றிரவு கேட்காதீர்கள். களைப்பில் எல்லாமே குறையாகத் தெரியும். மறுநாள் கேட்டு, 'வந்து', 'ஆக்சுவலி' எத்தனை முறை வந்தது, எந்தப் பெயர் புரியவில்லை, எங்கே கூட்டம் சலசலத்தது என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த மேடைக்கு அதில் ஒன்றை மட்டும் திருத்தப் பாருங்கள்.

குரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்கெஸ்ட்ரா ஓடும்போது அதன்மேல் கத்தாதீர்கள், பாட்டு இறங்கும் வரை பொறுங்கள். தொண்டைக் கட்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது.

பேசிய தொகை, அட்வான்ஸ், தொடங்கும் நேரம், முடியும் நேரம், கூடுதல் மணிக்கு எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி, 'சரி' என்று பதில் வாங்குங்கள். திறந்தவெளி நிகழ்ச்சியானால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. சிறப்பு விருந்தினர் தாமதமானால் எந்த இரண்டு நிகழ்ச்சியை விடுவது என்று வீட்டாரிடமோ விழாக் குழுவிடமோ தொடங்கும் முன்பே கேட்டு, அந்த அட்டைகளைத் தனியாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.