கேமராவுக்கு முன்னால் கண்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் காலையில் பறவை பார்க்க ஆட்களை அழைத்துச் செல்வது என் வேலை. வருகிறவர்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பறவையைக் கண்டதும் கை கேமராவுக்குத்தான் போகிறது. "படம் எடுத்துட்டேன் சார், பேரை வீட்டுல போய்ப் பாத்துக்கலாம்" என்பார்கள். ஒன்றுபோல் இருக்கும் பறவைகளிடம் இந்தப் பழக்கம் பலிக்காது.

ஏரிக்கு மேலே வட்டமிடும் பருந்துகளையே பாருங்கள். வெள்ளைத் தலையோடு வளர்ந்த கருடன் என்றால் யாருக்கும் குழப்பமில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அதன் இளம்பறவையோ பழுப்பு நிறம். ஊரெங்கும் திரியும் கள்ளப்பருந்தின் சாயல். கள்ளப்பருந்துக்கு வால்நுனி பிளந்திருக்கும், கருடனுக்கு வட்டமாக இருக்கும். சரி, படத்திலேயே தெரியுமே என்று தோன்றும். ஆனால் கள்ளப்பருந்து வாலை முழுக்க விரித்தால் பிளவு மறைந்துவிடும். அந்த நொடியில் எடுத்த படத்தைக் காட்டி எத்தனை பேரிடம் கேட்டாலும் விவாதம்தான் மிஞ்சும். அதே பறவையைக் கொஞ்ச நேரம் விடாமல் பாருங்கள். திரும்பும்போதெல்லாம் வாலைப் படகின் சுக்கான்போல இப்படியும் அப்படியும் திருகும். விரித்த வாலை மடக்கியதும் பிளவு தெரிந்துவிடும்.

வெள்ளைக் கொக்குகளில் சிக்கல் வேறு. கறுப்பு அலகு என்றால் சின்னக் கொக்கு, மஞ்சள் என்றால் பெரிய கொக்கு என்று பலர் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். இனப்பெருக்கக் காலத்தில் பெரிய கொக்கின் அலகும் கறுத்துவிடும். பக்கத்தில் வேறு பறவை இல்லாத படத்தில் உருவ அளவும் பிடிபடாது. பாதத்தைப் பார்க்க வேண்டும். சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். பாதம்தான் தண்ணீருக்குள் இருக்கிறதே என்பீர்கள். பொறுத்தால் அதுவே காட்டும். ஒரு காலை முன்னே நீட்டி அடிச்சேற்றை நடுநடுங்கக் கிளறும். ஒளிந்திருக்கும் மீன் வெளியே வந்ததும் கொத்தும். அடுத்த அடிக்குக் காலைத் தூக்கும்போது மஞ்சள் பளிச்சென்று தெரியும்.

படம் உதவுகிற இடமும் உண்டு. பெரிய கொக்கின் வாய்க்கோடு, அதாவது அலகு திறக்கும் கோடு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். இதை நல்ல படத்தில் நிதானமாகப் பார்க்கலாம்.

குளிர்காலத்தில் லால்பாக் பூங்கா மரங்களுக்கு வரும், ஒன்றுபோல் தோன்றும் கதிர்க்குருவிகளுக்குக் காதுதான் வேண்டும். பச்சைக் கதிர்க்குருவி இரண்டு அசையில் 'சில்-வீ' என்னும். பிளித் நாணல் கதிர்க்குருவி 'சக், சக்' என்று புதருக்குள்ளிருந்து தட்டும்.

என்னோடு வருகிறவர்களிடம் முதலில் குறிப்பேட்டைத்தான் எடுக்கச் சொல்வேன். மைனாவைவிடப் பெரிதா, என்ன செய்துகொண்டிருந்தது, வால் எப்படி, குரல் எப்படி என்று எழுதிவிட்டு, அப்புறம் படம் எடுக்கட்டும். பறவைப் பெயர் சொல்லும் செயலியைத் திறப்பது அதற்கும் பிறகு. பாதம் தெரியவில்லையா, 'பாதம் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்டு இணையதளத்தில் இனம் குறிப்பிடாமல் 'கொக்கு வகை' என்று பதியவும் வழியிருக்கிறது. அந்தத் தரவை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஊகித்து ஏற்றிய பெயர் அவர்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும்.