திருட்டு நடப்பது லாக் புக்கில்

மீன்பிடிக் கப்பல்களின் கணக்கைச் சரிபார்ப்பது என் தொழில். பசிபிக் தீவு நாடுகளின் மீன்வளத்துறை ஆய்வாளர்களோடு சேர்ந்து துறைமுகங்களில் கப்பல் ஏறுவேன். ஊருக்கு வரும்போதெல்லாம், "கடல் கொள்ளைக்காரனைத் துரத்திப் பிடிப்பீங்களா?" என்று கேட்பார்கள். துரத்துகிற வேலையே எனக்குக் கிடையாது. பிடித்த மீனைக் கப்பலில் அன்றன்றைக்குக் குறிக்கும் லாக் புக், கால்குலேட்டர், கையுறை, கல்லாய் உறைந்த மீன். என் வேலை இவற்றோடுதான்.

ஒருமுறை, ஆயிரங்கால் தூண்டில் (ஒரே நீளக் கயிற்றில் ஏராளமான தூண்டில்) போடும் கப்பல் ஒன்று மாதக்கணக்கில் கடலில் இருந்துவிட்டு வந்தது. லாக் புக்கைப் புரட்டினால் எல்லாப் பக்கமும் ஒரே மை, ஒரே கையெழுத்து. ஒரு உப்புக்கறைகூட இல்லை. முந்தின ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதியது என்று பார்த்ததுமே தெரிந்தது. சுறா என்ற கட்டத்தில் நாள் தவறாமல் பூஜ்யம். என்னோடு வந்த ஆய்வாளர், துறைமுகம் இருந்த தீவைச் சேர்ந்த பெண், வயது முப்பது இருக்கும். குளிர்கிடங்கில் இறங்கி ஒவ்வொரு மீனின் வாலிலும் படிந்திருந்த பனியைக் கையுறையால் தேய்த்துப் பார்த்தார். மஞ்சள் துடுப்புச் சூரைக்கு (சூரை என்றால் டூனா) வாலின் நடுவில் ஒரு வெட்டு தெளிவாகத் தெரியும். பெருங்கண் சூரைக்கு அந்த இடம் தட்டையாக இருக்கும். மஞ்சள் துடுப்பு என்று எழுதியிருந்த குவியலில் பத்துக்கு நாலு பெருங்கண். பெருங்கண் சூரைக்குப் பிடிப்பு உச்சவரம்பு உண்டு, அதனால்தான் இந்தப் பெயர் மாற்றம்.

அந்தக் கப்பலுக்கு முறையான உரிமம் இருந்தது. பசிபிக் தீவுகளுக்கான மீன்வள முகமை 2016இல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் கடலில் கள்ளத்தனமாகவோ கணக்கில் வராமலோ போகும் சூரையின் மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 61.6 கோடி டாலர் என்றது. அதில் உரிமமே இல்லாத கப்பல்களின் பங்கு வெறும் 4 சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதி உரிமம் வாங்கிக்கொண்டு கணக்கை மறைப்பவர்களின் வேலை. 2021இல் திரும்பவும் கணக்கிட்டபோது மொத்தத் தொகை சுமார் 33.3 கோடியாகக் குறைந்திருந்தது. ஆனால் அப்போதும் பெரும்பங்கு உரிமம் பெற்ற கப்பல்களுடையதுதான்.

ரோந்துப் படகு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பலாவ் என்ற தீவு நாட்டின் கரையோரத்தில் கடல் அட்டை அள்ள வந்த வியட்நாம் படகுகளைப் பிடிக்கப் படகுதான் வேண்டியிருந்தது. 2015இல் அவற்றில் நான்கைப் பலாவ் அரசு எரித்தது. ஆனால் கிரிபாட்டி என்ற தீவு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள் (எழுத்தில்தான் கிரிபாட்டி, அந்த மக்கள் சொல்வது கிரிபாஸ்). நிலம் 811 சதுர கிலோமீட்டர். அதற்கு உரிமையுள்ள கடலோ சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்திய நிலப்பரப்பைவிடப் பெரியது. எத்தனை படகு கொடுத்தாலும் அதைச் சுற்றி வர முடியாது. படகு அன்பளிப்பாக வந்துவிடும், டீசலுக்கும் மாலுமிக்கும் ஆண்டுதோறும் யார் பணம் போடுவது?

அதே ஒன்றிரண்டு படகுகளையும் அதே சில அதிகாரிகளையும் நம்பித்தான் மற்ற குற்றங்களுக்கான காவலும் இருக்கிறது. 2020 டிசம்பரில் மார்ஷல் தீவுகளின் ஐலுக் பவளத்தீவில் ஆளில்லாத சின்னப் படகு ஒன்று கரை ஒதுங்கியது. உள்ளே 649 கிலோ கொக்கைன்.

இந்த நாடுகளைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், கூட்டாக நின்றதைத்தான் சொல்வேன். நவுரு உடன்படிக்கை என்ற மீன்வள ஒப்பந்தத்தில் சேர்ந்த எட்டுத் தீவு நாடுகள், மீன் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் சுருக்குவலைக் கப்பல்களுக்கு மீன்பிடி நாட்களை விற்கின்றன. ஒரு நாளுக்கு இவ்வளவு என்று குறைந்தபட்ச விலையைச் சேர்ந்தே வைத்தார்கள். 2010 வாக்கில் சுமார் 6 கோடி டாலராக இருந்த வருமானம் சில ஆண்டுகளில் 50 கோடியை நெருங்கியது. முன்பு தனித்தனியாகப் பேரம் பேசித் தோற்றவர்கள்தான் இவர்கள். மீன்வள முகமையும் கப்பல்களுக்குப் பொதுப் பதிவேடு வைத்திருக்கிறது. ஒரு நாட்டில் தப்பு செய்து அந்தப் பதிவேட்டில் நற்பெயரை இழந்தால் மற்ற உறுப்பு நாடுகளிலும் உரிமம் கிடைக்காது. கப்பல் முதலாளிகள் அபராதத்தைவிட இதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

ஓட்டை எங்கே என்றால், சுருக்குவலைக் கப்பல்களில் 2010 முதல் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு கண்காணிப்பாளர் போக வேண்டும் என்பது விதி. ஆயிரங்கால் தூண்டில் கப்பல்களுக்கோ 5 சதவீதம்தான். அந்தக் கண்காணிப்பாளர்கள் பெரும்பாலும் தீவுகளிலிருந்து போகும் இளைஞர்கள், யாரைக் கண்காணிக்கிறார்களோ அவர்களோடுதான் மாதக்கணக்கில் சாப்பிட்டுத் தூங்க வேண்டும். 2020 மார்ச்சில் கிரிபாட்டிக் கண்காணிப்பாளர் ஒருவர் கப்பலில் தன் அறையில் இறந்து கிடந்தார். அதை நினைக்காமல் இப்போது என்னால் எந்தக் கண்காணிப்பாளரையும் வழியனுப்ப முடிவதில்லை.

உதவ வரும் நாடுகளிடமும் அமைப்புகளிடமும் நான் கேட்பது இதுதான். கப்பல் தளத்தில் கேமரா, துறைமுகத்தில் ஆய்வாளர், கண்காணிப்பாளர் கையில் கப்பல்காரர்கள் கை வைக்க முடியாத சாட்டிலைட் கருவி. அப்புறம், சாட்சியத்தைக் கையாளத் தெரிந்த அரசு வழக்கறிஞர்கள். பக்கத்துத் தீவு ஒன்றில், மாதிரிக்கு எடுத்த மீன் பையில் முத்திரை எண் எழுதாமல் விட்டதற்காகவே ஒரு வழக்கு தள்ளுபடியானதை என் கண்ணால் பார்த்தேன். அத்தனை மாத உழைப்பும் வீண்.

குளிர்கிடங்கில் வாலைத் தேய்த்த அந்த ஆய்வாளருக்கும் அந்த வழக்கு தெரியும். அன்றைக்கு ஒவ்வொரு மீனையும் எண் எழுதிய அட்டையோடு படம் எடுத்தார், பைக்கு முத்திரை போட்டு எண்ணைக் குறித்தார், கேப்டனிடம் கையெழுத்து வாங்கினார். விரல் மரத்துப்போய் பேனா இரண்டு முறை நழுவியது. சரி, மேலே போய் எழுதலாம் என்றேன். "இங்கேயே எழுதிடறேன், மேலே போனா மறந்துடும்" என்றார். அபராதத்தைக் கட்டிய பிறகுதான் அந்தக் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது.