கார்பன் பாய்மரத்தையும் கழற்றிப் பாருங்கள்

‘கார்பன்தான் துருப்பிடிக்காதே, அதை ஏன் கழற்றிப் பார்க்க வேண்டும்?’ பந்தயக் கேட்டமரான்களின் (இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகுகளின்) பாய்மரங்களைப் பழுதுபார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி சலித்துவிட்டது. சென்ற வாரம் இரண்டு துண்டாக வந்த கார்பன் இழைப் பாய்மரத்தின் உரிமையாளரும் இதையேதான் கேட்டார்.

கார்பன் துருப்பிடிக்காது, உண்மைதான். அதில் பொருத்திய அலுமினியத்தின் கதி வேறு. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். நடுவில் உப்புநீர் புகுந்துவிட்டால், கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். அந்தப் பாய்மரத்தில் ஸ்ப்ரெடரை, அதாவது பாய்மரத்தின் பக்கக் கம்பிகளை விலக்கிப் பிடிக்கும் குறுக்குத் தண்டைத் தாங்கும் அலுமினியத் தகட்டைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்திருந்தது. நகத்தால் கீறினேன், வெள்ளைத் தூள் உதிர்ந்தது. ரிவெட்டுகள் விரலுக்கே ஆடின. தகடு விட்டுப்போனதும் பக்கக் கம்பிகள் தளர்ந்தன. தாங்க ஆளில்லாமல் பாய்மரம் முறிந்தது. கார்பன்மீது எந்தக் குறையும் இல்லை.

இரண்டு உலோகங்கள் சேரும் அலுமினியப் பாய்மரத்திலும் அரிப்பு உண்டு. துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டைச் சுற்றிப் பாருங்கள், தெரியும். ஆனால் அலுமினியம் பெரும்பாலும் முதலில் வளைந்து காட்டும். கார்பன் வளைந்து கொடுக்கும், மறுபடி நிமிரும், உள்ளே சேதம் இருந்தாலும் காட்டிக்கொள்ளாமல் ஒருநாள் சட்டென்று முறியும்.

எடை குறைவு என்பதில் எனக்கு மறுப்பில்லை. கார்பன் கலவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.6 கிராம், அலுமினியத்துக்கு 2.7. உச்சியில் எடை குறைந்தால் படகின் மூக்கு அலையில் குத்துவது குறையும், கவிழ்ந்தால் நிமிர்த்துவதும் எளிது. அதற்காக, அலுமினியத்தின் வளைவுக்கு வெட்டித் தைத்த பாயைக் கார்பனில் ஏற்றி வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். பாயும் பாய்மரமும் ஒன்றாக வளைய வேண்டும். ஃபார்முலா 18 என்ற கேட்டமரான் பந்தய வகுப்பின் விதி அலுமினியத்தை மட்டுமே ஏற்கிறது. அங்கே போட்டி குறைந்துவிடவில்லை. உங்கள் வகுப்பு விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பருவம் முடிந்ததும் பொருத்துகளைக் கழற்றுங்கள். அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் நடுவில் கண்ணாடியிழைத் துண்டோ காப்புப் பசையோ இல்லாமல் திரும்பப் பூட்டாதீர்கள். கார்பனில் அலுமினிய ரிவெட் கூடவே கூடாது. நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மந்தமானால் அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அப்படியே பந்தயத்துக்குப் போகாமல் கொண்டுவந்து காட்டுங்கள். வெயிலில் பூச்சு மங்கியிருந்தால் மறுபடி பூசுங்கள். கார்பனைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கார்பன் ‘ஏதோ ஒருவகை பிளாஸ்டிக்’ என்று நினைத்துப் பாய்மரத்தை நிறுத்தியபடியே படகை மின்கம்பிக்கு அடியில் தள்ளிப் போகாதீர்கள். அலுமினியப் பாய்மரங்கள் கம்பியில் பட்டு உயிர்கள் போன பிறகுதான், 1980களில் ஹோபி 16 என்ற கேட்டமரானின் பாய்மர உச்சி மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழைக்கு மாறியது. முழுக் கார்பன் பாய்மரத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பாய்மரத்தை நிறுத்துவதற்கு முன்பு தலையை உயர்த்தி, படகு தண்ணீர் சேரும்வரை போகப்போகும் வழி முழுவதையும் பாருங்கள்.