முட்டை வெளுப்பதும் கண்ணில் புரை விழுவதும்

பரோட்டாக் கல்லில் ஆஃபாயிலுக்கு முட்டையை உடைத்து ஊற்றும்போது கொஞ்சம் குனிந்து பாருங்கள். கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும் வெள்ளைக்கரு ஓரத்தில் முதலில் பால் நிறமாகும். பிறகு அந்த வெண்மை மஞ்சள் கருவை நோக்கி நகர்ந்து வரும். மதுரைக் கண் மருத்துவமனைகளின் வாசலில் விடியற்காலையிலேயே வந்து காத்திருக்கும் பெரியவர்களின் கண்ணுக்குள்ளும் ஏறக்குறைய இதேதான் நடந்திருக்கிறது. அடுப்பு மட்டும் இல்லை.

வெள்ளைக்கருவில் 88 சதவீதம் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி புரதம்; அதில் பாதிக்கு மேல் ஓவால்புமின். 385 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சரம் அது, உருண்டையாக மடிந்திருக்கும். இப்படி மடிபவற்றைக் கோளப் புரதங்கள் என்கிறோம். நூல்கண்டு என்று உவமை சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. கண்டை எப்படி வேண்டுமானாலும் சுற்றலாம். புரதச் சரமோ தனக்கென்று உள்ள ஒரே மடிப்பில்தான் மடியும். எண்ணெய்த்தன்மை கொண்ட அமினோ அமிலங்கள் தண்ணீருக்கு ஒதுங்கி உள்ளே பதுங்கும்; தண்ணீரோடு ஒட்டுபவை வெளியே நிற்கும். சரம் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்பதை 1963இல் கணக்கிட்டுக் காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன். இன்றும் புதிய புரத வடிவம் சரியா என்று சோதிக்க அவருடைய வரைபடத்தைத்தான் எடுக்கிறார்கள்.

வேலை முழுவதும் அந்த மடிப்பில்தான் இருக்கிறது. ஹீமோகுளோபினின் நான்கு சரங்களிலும் ஆளுக்கொரு பள்ளம். ஒவ்வொன்றிலும் இரும்பு தாங்கிய ஹீம், ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கு இடம். முட்டையிலும் நம் கண்ணீரிலும் இருக்கும் லைசோசைம் என்ற புரதத்தில் ஒரு பிளவு உண்டு. பாக்டீரியாச் சுவரின் சர்க்கரைச் சங்கிலி அதற்குள் பொருந்தினால் வெட்டுப்படும்.

ஆனால் மடிப்பைக் காப்பவை பலமற்ற பிணைப்புகள். கல்லின் சூட்டில் வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸைத் தொடும்போது அதிலுள்ள இன்னொரு புரதமான ஓவோடிரான்ஸ்ஃபெரின் குலையும். 80ஐ ஒட்டி ஓவால்புமினும் குலையும். உள்ளே பதுங்கியிருந்த எண்ணெய்ப் பகுதிகள் வெளியே வந்து, பக்கத்துச் சரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வலையில் தண்ணீர் சிக்கிக் கட்டியாகும். திரள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மை. ஆறவைத்தாலும் பழைய தெளிவு வராது.

கண் வில்லையின் (லென்ஸின்) எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கிரிஸ்டலின் என்னும் கோளப் புரதங்கள். நெருக்கமாக, சீராக அடுக்கியிருப்பதால்தான் ஒளி ஊடுருவுகிறது. வில்லையை நிரப்பியிருக்கும் செல்களில் பெரும்பாலானவை தங்கள் உட்கருவையே கழித்துவிட்டவை. அவற்றுக்குப் புதிய புரதம் செய்ய வழியில்லை. நடுப்பகுதியில் இருப்பவை நாம் பிறக்குமுன் உருவானவை! குலையத் தொடங்கும் புரதங்களை, கிரிஸ்டலின்களில் ஒரு வகையான ஆல்பா கிரிஸ்டலின் பிடித்துத் தாங்கும். வயதாக ஆக அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும். புற ஊதா ஒளியும் சர்க்கரை நோயும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் திரளும்.

‘புரை உரிப்பது’ என்று ஊரில் சொன்னாலும், உரித்தெடுக்க மேலே படலம் எதுவும் இல்லை. வில்லையே கலங்கியிருக்கிறது. அதனால் சொட்டு மருந்தை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். கலங்கியதை எடுத்துவிட்டு, சுமார் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள செயற்கை வில்லை வைப்பார்கள். மதுரையின் ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் அதைத் தயாரிக்கிறது. சிலருக்குச் சில மாதங்களிலோ வருடங்களிலோ மறுபடி மங்கும். அது புரை திரும்பியதல்ல. வில்லையைத் தாங்கும் பையின் பின்சுவரில் மிச்சச் செல்கள் பரவியிருக்கும். லேசரில் துளையிட்டால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.