நாலு மாத்திரை நொய்யலை என்ன செய்யும்?

திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மீந்துபோன ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கரைத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன். நொய்யல் ஆற்றின் அவ்வளவு தண்ணீரில் நாலு மாத்திரை என்ன செய்துவிடும்?"

மருந்துக்குச் சாகாத பாக்டீரியாக்கள் பிழைத்துப் பெருகும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் எதையுமே கொல்லாத அளவுக்கு மருந்து நீர்த்துப்போனால் என்ன நடக்கும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மருந்துக்குச் சாகாத இந்த எதிர்ப்புத் திறனுக்கு ஒரு விலை உண்டு. மருந்தை வெளியே தள்ளும் பம்பைக் கட்டவும், கூடுதல் மரபணுக்களைச் சுமக்கவும் பாக்டீரியா தன் ஆற்றலைச் செலவிட வேண்டும். அதனால் சுத்தமான நீரில் அது பெரும்பாலும் மெதுவாகவே பெருகும். ரேக்ளா பந்தயத்தில் பாரம் ஏற்றிய வண்டி போல. சாக்கடையில் சிறிது மருந்து கலந்ததும் மற்ற வண்டிகளின் தடம் மட்டும் சேறாகிறது. எந்தக் காளையும் விழுவதில்லை. வேகம் சற்றுக் குறைகிறது, அவ்வளவுதான். பாரவண்டி முந்திவிடுகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தச் சிறு முந்துதல் பெருகிக்கொண்டே போகிறது. ஈ.கோலை போன்ற பாக்டீரியாவுக்குச் சாதகமான சூழலில் ஒரு தலைமுறை என்பது 20 நிமிடம்!

2011-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள். வளர்ச்சியை நிறுத்தத் தேவையான அளவில் 230-இல் ஒரு பங்கு மருந்துகூட, எதிர்ப்புள்ள பாக்டீரியாவின் பக்கம் பந்தயத்தைத் திருப்பப் போதுமாக இருந்தது. வென்றவற்றில் சில, பிளாஸ்மிட் என்னும் மரபணு வளையங்கள் வழியாக அத்திறனை வேறு இனத்துக்கும் கொடுக்கக்கூடும். ஆக, நீர்த்துப்போவது பாதுகாப்பு ஆகாது.

நாம் விழுங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கில் கணிசமான பகுதி சிறுநீரில் மாறாமலே வெளியேறுகிறது. அதைத் தடுக்க வழியில்லை. ஊற்றுவதைத் தடுக்கலாம். மருத்துவக் கழிவுக்கான எரியுலையின் இரண்டாம் அறையில் வெப்பம் சுமார் 1050 டிகிரி செல்சியஸ். அதில் மருந்தின் மூலக்கூறு சிதைந்துவிடும்.

அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? வாளையாற்றுக்கு அப்பால் கேரளம், 2025-இல் கோழிக்கோட்டில் 'என்பிரவுட்' என்ற பெயரில் வீட்டு மருந்துகளைச் சேகரிக்கத் தொடங்கியது. நம் மருந்துக்கடைகளும் காலாவதிச் சரக்கை விநியோகஸ்தருக்குத் திருப்பி அனுப்பிப் பழகியவைதான். வாடிக்கையாளரின் மிச்சத்துக்கும் கடைக்கு ஒரு பூட்டிய பெட்டி வேண்டும். அதன் செலவைக் கடைக்காரர் தலையில் கட்டாமல் அரசு ஏற்க வேண்டும். புது மருந்து கண்டுபிடிக்கக் கொட்டும் பணத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை.

மிச்ச மருந்தை வாங்கிக்கொள்வாரா என்று உங்கள் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்க வேண்டாம். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் தெரியட்டும். சிரப் புட்டியை இறுக மூடிக் கொடுங்கள்.