நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுவது யார்?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ராத்திரி மொட்டை மாடியில நின்னப்போ நிலாவைச் சுத்திப் பெரிய வட்டம் தெரிஞ்சுது. நிலா கோட்டை கட்டியிருக்கு, மழை வரும்னு பாட்டி சொல்றாங்க. நாட்டுக்கு ஆகாதுன்னு பக்கத்து வீட்டுல பயமுறுத்துறாங்க. போன்ல எடுத்தா வெறும் வெள்ளைப் பொட்டுதான் விழுது. எது சரி, எப்படி எடுக்கிறது?"

அந்த வட்டத்தைக் கட்டுவது பனிக்கட்டி. சென்னையில் ஏது பனிக்கட்டி என்று நினைக்க வேண்டாம். கீழே நாம் புழுங்கிக்கொண்டிருந்தாலும், தலைக்கு மேலே சுமார் 5 கிலோமீட்டரைத் தாண்டினால் உறைநிலைதான். அதற்கும் மேலே வானம் முழுக்க மெலிதாகப் படரும் கீற்றுப்படை மேகங்களில் இருப்பவை நுண்ணிய பனிப் படிகங்கள். ஒவ்வொன்றும் ஆறு பக்கங்கள் கொண்ட குட்டித் தூண் அல்லது தகடு.

ஆறு பக்கங்களில் ஒன்றின் வழியே நிலவொளி நுழைகிறது. நேர் எதிர்ப் பக்கத்தில் வெளியேறினால் திசை மாறாது. ஒட்டியுள்ள பக்கத்தில் அதனால் வெளியேறவே முடியாது, உள்ளேயே பிரதிபலித்துவிடும். ஒன்றை விட்டு அடுத்த பக்கத்தில் வெளியேறினால்தான் விசேஷம். அந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையே உள்ள கோணம் 60 பாகை. அதாவது, பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே முப்பட்டகம்!

பிளஸ் டூ இயற்பியல் செய்முறையில் நிறமாலைமானியைத் தொட்டவர்களுக்கு இது நினைவிருக்கும். முப்பட்டகம் வைத்த மேடையை மெல்லத் திருப்பிக்கொண்டே தொலைநோக்கி வழியே பார்ப்போம். ஒளி நுழையும் மெல்லிய பிளவின் பிம்பம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும், வேகம் குறையும், ஓரிடத்தில் நின்றுவிடும். மேடையை அதே பக்கம் இன்னும் திருப்பினாலும் பிம்பம் வந்த வழியே திரும்பும். அது நிற்கிற இடம்தான் சிறுமத் திசைமாற்றக் கோணம், அதாவது ஒளி திரும்பக்கூடிய மிகக் குறைந்த அளவு. கண்ணாடிக்கு அது 40 பாகையை ஒட்டி வரும். பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) 1.31 என்பதால் அதற்குச் சுமார் 22 பாகை.

எனக்கு மிகவும் பிடித்த இடம், பிம்பம் நின்று திரும்பும் அந்தத் தயக்கம்தான். மேகத்தில் கோடானுகோடி படிகங்கள் எல்லாத் திசையிலும் புரண்டுகொண்டிருக்கின்றன. அவை ஒளியை 22 பாகையிலிருந்து 40 பாகைக்கு மேல்வரை விதவிதமாகத் திருப்புகின்றன. ஆனால் சிறுமத்தின் அருகே மட்டும் ஒரு படிகம் 16 பாகை சுழன்றாலும் ஒளியின் திசைமாற்றம் அரை பாகைக்குச் சற்று மேல்தான் மாறுகிறது. ஆகவே எப்படியெப்படியோ கிடக்கும் படிகங்கள் பலவும் ஒளியை ஏறக்குறைய ஒரே கோணத்தில் கொண்டுவந்து குவிக்கின்றன. அந்தக் குவியல்தான் வட்டம். 22-க்குக் குறைவாக ஒளி திரும்பவே முடியாது என்பதால் வட்டத்தின் உட்புற வானம் இருண்டிருக்கும். சிவப்பு மற்ற நிறங்களைவிடக் குறைவாக வளையும், அதனால் உள்விளிம்பில் லேசாகச் செம்மை இருக்கும். நிலவொளி மங்கலானது என்பதால் கண்ணுக்கு அது தெரிவதில்லை, கேமராவுக்குத் தெரியும்.

இந்தச் செய்முறையை எத்தனை பள்ளிகளில் உண்மையிலேயே செய்ய வைக்கிறார்கள்? ரெக்கார்டு நோட்டில் அட்டவணையை நிரப்பிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று இருக்கும் இடங்கள் நிறைய. ஆய்வகத்துக்கும் அதை நடத்தும் ஆட்களுக்கும் பணம் ஒதுக்காமல் அறிவியல் மனப்பான்மையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

சரி, பாட்டி சொன்னது? அதில் விஷயம் இருக்கிறது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால், மழை மேகங்களுக்கு முன்பே கீற்றுப்படை மேகங்கள் கரை மேல் படர்வதுண்டு. "அகல வட்டம் பகல் மழை" என்ற பழமொழி அந்த அனுபவத்தில் வந்ததுதான். எங்கோ இடி மழை பெய்து முடிந்து, அதன் உச்சியில் இருந்த மேகம் மட்டும் இங்கே வந்து கலைந்து போவதும் உண்டு, அதனால் மழை நிச்சயமில்லை. நிலாவை ஒட்டினாற்போல் தெரியும் சின்ன வண்ண வளையம் வேறு சங்கதி: அது நீர்த்துளிகளால் வரும் விளிம்பு விளைவு, அதாவது துளிகளின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவது. சந்தேகமிருந்தால் கையை நீட்டி, விரல்களை அகல விரித்து, கட்டைவிரலை நிலா மேல் வையுங்கள். சுண்டுவிரல் நுனி வட்டத்தைத் தொட்டால் அது 22 பாகை வட்டம்.

நாட்டுக்கு ஆகாது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பெரம்பூரில் நிற்பவருக்கு ஒளி அனுப்பும் படிகங்கள் வேறு, அடையாறில் நிற்பவருக்கு அனுப்புபவை வேறு. ஆளுக்கொரு வட்டம் இருக்கும்போது அது நாட்டுக்கே எப்படி சகுனமாகும்?

இனி படம். வட்டத்தின் குறுக்களவு 44 பாகை. நிலாவோ வெறும் அரை பாகை. ஜூம் பக்கமே போக வேண்டாம். போனில் 0.5 லென்ஸ், கேமராவில் 24 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரோ மோடில் ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 2 விநாடி, ஃபோகஸ் முடிவிலியில் வைத்துத் தொடங்கி, வெளிச்சத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். நிலா வெள்ளையாக வெடித்துத்தான் போகும். தண்ணீர் டேங்க் விளிம்பிலோ தென்னை மட்டையிலோ அதை மறைத்தால் வட்டம் பளிச்சென்று விழும். கார்த்திகை, மார்கழிப் பௌர்ணமி நிலா நள்ளிரவில் சென்னைக்குக் கிட்டத்தட்ட உச்சிக்கே வந்துவிடும். அப்போது ஸ்டாண்ட் எதற்கு? ஒரு துணியை விரித்து, போனைத் திரை கீழே இருக்கும்படி மாடித் தரையில் வைத்து டைமர் போட்டால் போதும்.

விழுந்தது மேகத்து வட்டமா, லென்ஸுக்குள் உண்டான பிரதிபலிப்பா என்று குழப்பம் வந்தால், கேமராவைச் சற்றுத் திருப்பி இன்னொரு படம் எடுங்கள். லென்ஸ் வட்டமானால் நிலாவை விட்டு விலகிப் போகும், மேகத்து வட்டத்துக்கு நிலா எப்போதும் நடுவிலேயே இருக்கும்.