பட்டென்று வரும் பதில்

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒருவர், "இன்னாக்கா, கீர இப்டி வாடிக் கெடக்குது?" என்று கேட்டார். கட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அம்மாள், தலை நிமிராமலே, "உன் வழியப் பாத்துப் பாத்துதான் வாடிப்போச்சு தம்பி" என்றார். "பட்டுனு சொன்னாங்க பாரு!" என்று பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார்.

அந்தப் 'பட்டென்று' சொல்லத்தக்க வேகம் வியப்புக்குரியது. 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வொன்றில், கேள்வி முடிந்து பதில் தொடங்கச் சராசரியாக ஏறத்தாழ 200 மில்லி விநாடியே ஆனது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்கவே சுமார் 600 மில்லி விநாடி தேவை. ஆகவே, கேட்பவரின் மூளை கேள்வி முடியும் முன்பே பதிலைக் கோக்கத் தொடங்கிவிடுகிறது. அதற்குள் 'வாடி' என்ற சொல்லின் இன்னொரு பொருளையும் கண்டெடுப்பதுதான் அந்த அம்மாளின் திறமை.

இத்தகைய பேச்சைக் குறிக்க நாம் எடுத்தாளும் பட், சட், நறுக், வெடுக், சுருக் ஆகிய ஒலிக்குறிப்புகள் எல்லாம் வல்லின மெய்யில் முடிகின்றன. ட் என்னும்போது நாநுனியும், க் என்னும்போது அடிநாவும் அண்ணத்தில் ஒட்டி மூச்சை அடைத்துவிட, ஒலி வெட்டுப்பட்டதுபோல் நின்றுவிடுகிறது. வாய் செய்யும் அந்த வெட்டே சொல்லின் பொருளும் ஆகிறது.

வேறு சில சொற்கள் உடலின் செயல்களிலிருந்து வந்தவை. கிண்டல் 'கிண்டு' என்ற வினையிலிருந்தும், 'கடி' பல்லிலிருந்தும், லொள்ளு நாயின் குரைப்பிலிருந்தும் பிறந்தன. இளைஞர்கள் புதிதென்று எண்ணும் 'கலாய்' பழைய அகராதிகளிலேயே சினத்தல், கலகித்தல் என்ற பொருள்களில் இருக்கிறது. சண்டை விளையாட்டாகத் தணிந்த கதையாகவே அதை நான் காண்கிறேன்.

ஆற்காட்டு நவாபுகள் ஆண்ட, உருது பேசும் குடும்பங்கள் இன்றும் நிறைந்த இப்பகுதியில், என் மனத்துக்கு மிக நெருங்கிய இணை சவாலும் ஜவாபும்தான். இரண்டும் அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக இந்திய மொழிகளில் பரவியவை. ஜவாப் பதிலாகவே நிலைத்துவிட்டது. அரபியில் வெறும் கேள்வியாக இருந்த சவாலோ, தமிழில் அறைகூவலாக மாறிவிட்டது. கீரையைப் பற்றி அந்த வாடிக்கையாளர் கேட்டது அரபிப் பொருளில் சவால். அம்மாள் அதை எடுத்துக்கொண்டது தமிழ்ப் பொருளில்.